மூன்றாவது கம்பி

கொடைக்கானல் மலைப் பூண்டியில் இருக்கிற குருநாதனுக்கு நார்வேயில் இன்றைக்குப் பனி எவ்வளவு என்று தெரியும். ஜப்பானில் ஒருவர் மூட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கிறார் என்று தெரியும். பிரேசிலில் யாரோ ஒருவருடைய நாய் குட்டி போட்டதுகூடத் தெரியும். வரப்பைத் தாண்டினால் வீடு, அங்கே இருக்கிற மச்சானுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்து போனது மட்டும் தெரியாது. தெரியாது என்பதா, தெரிந்துகொள்ள மாட்டார் என்பதா? அவர் மனைவி சிவபாக்கியத்தைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வாள். அதையும் கரண்டியை ஓங்கிக்கொண்டு சொல்வாள்.

குருநாதன் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கொஞ்சம் பூண்டு வெள்ளாமையும் உண்டு. இதெல்லாம் பகல் சோலி. பொழுது சாய்ந்தால் மனுசன் ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்தோடு பேச ஆரம்பித்துவிடுவார். அமெச்சூர் ரேடியோ. சும்மா பேசிவிட முடியாது, சர்க்கார் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். சென்னைக்குப் போய் எழுதி வாங்கி வந்த அந்த உரிமம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான்.

மச்சானோடு பேச்சு நின்றதும் இந்த ரேடியோவால்தான். சிவபாக்கியத்தின் அண்ணன் சேனாதிபதியின் நிலம் குருநாதனின் நிலத்தை ஒட்டிக் கெடந்தது. அவர் வரப்பில் ஒரு தைல மரம், நெடுநெடுவென்று வளர்ந்தது. குருநாதன் அவரிடம் கேட்டுத்தான் தன் ஏரியல் வயரை அந்த மரத்து உச்சிக்கும் தன் வீட்டுக் கூரைக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார். போன வருசம் சித்திரையில் ஒருநாள் காலையில், பசிபிக் கடலில் ஏதோ ஒரு பொட்டுத் தீவிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்காகக் குருநாதன் வருசக்கணக்காகக் காத்துக் கெடந்தவர். மைக்கைப் பிடித்து, உரிமத்தில் கொடுத்த தன் அழைப்புக்குறியைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிதான் சொல்லியிருப்பார். மடமடவென்று ஒரு சத்தம். மரம் கீழே, வயரும் கீழே, தீவும் போச்சு.

மரத்தை வியாபாரிக்கு விற்ற சேனாதிபதி மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார். "மறந்துட்டேன் மாப்ளே" என்றார். "மறதி உங்க குடும்பச் சொத்துதான" என்றார் குருநாதன். "ஊரு பேரு தெரியாத தீவுக்காரனுக்காக என் குடும்பத்தையா இழுக்குறீங்க?" என்றார் சேனாதிபதி. அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வரப்பு மலையாக வளர்ந்துவிட்டது.

இதெல்லாம் பழைய கதை, போய்த்தொலையட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாமல் செய்தது லாவண்யாவின் கல்யாணம். ஒரே மகள். மதுரையில் நர்ஸ் வேலை. பாலசமுத்திரத்து மாப்பிள்ளை, தை மாதம் பழனியில் மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் அடித்து வந்தாயிற்று. வந்த கட்டு பிரிக்காமல் அலமாரியில் கெடக்கிறது. ஏனென்றால் அவர்கள் முறைப்படி முதல் தாம்பூலம் தாய்மாமனுக்கு. பெண்ணைப் பெற்ற இரண்டு பேரும் சேர்ந்து போய், தட்டை நீட்டி, "நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்" என்று தகப்பன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பத்திரிகை வேறு எந்த வாசல்படியும் ஏறலாம். கார்த்திகை ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் தாம்பூலம் கொடுக்க மாட்டார்கள்.

"மரத்த வெட்டுனது யாரு? அவரு வந்து ஒரு வார்த்த பேசட்டும், நான் தட்டத் தூக்குறேன்" என்று இங்கே ஒருவர். "நான் அன்னைக்கே சொல்லியாச்சு, இனி அவரு வாயிலதான் வரணும்" என்று அங்கே ஒருவர். நடுவில் சிவபாக்கியம். அவளுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு அண்ணன்தான். லாவண்யாவுக்குக் காது குத்தியது அவர் மடியில். குழந்தை அழுததைவிட அவர் அதிகமாக அழுதார். பழனி மண்டபத்தில் அந்த மனுசன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கெடப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுப்படியில் தனியாக நின்று இரண்டு மூன்று தடவை அழுதும் பார்த்தாள். அழுகைக்கு இந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் மசிகிற ஜாதியில்லை என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

வழி ரேடியோவிலிருந்தே வந்தது. மரம் போனதால் குருநாதன் டவர் போடுவது என்று முடிவு செய்திருந்தார். கொடைக்கானல் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற சம்சுல் ஆலமும் இதே பைத்தியம்தான். இரண்டு பேரும் சாயங்காலமானால் ரேடியோவில் டவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சிவபாக்கியத்தின் காதில் ஒரு விஷயம் தினமும் விழுந்தது.

"பேஸ் எவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்தாலும் வேலைக்கு ஆகாது குரு. மூணு பக்கமும் கம்பி சமமா இழுத்து நிக்கணும். ஒரு கம்பி இல்லேன்னா அது டவர் இல்ல, படுத்துக் கெடக்குற ஏணி" என்றார் பாய்.

அப்படியானால் டவரைச் சுற்றி மூன்று பக்கமும் கம்பி கட்ட நிலம் வேண்டும். சிவபாக்கியத்தின் கையிலிருந்த பூண்டுப் பல் அப்படியே நின்றது.

மறுநாள் குருநாதன் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் முளைக்குச்சியோடு நின்றார்.

"அங்கயா? மாடு மெரண்டு பால் வத்திரும்" என்றாள்.

நடு நிலத்துக்குப் போனார்.

"கல்யாண வீட்டுப் பந்தல எங்க போடுவீங்க? டவர் மேலயா?"

பேரிக்காய் மரத்தடிக்குப் போனார். மரம் காய்க்காது என்றாள். வாசலுக்கு வந்தார். வருகிற சம்பந்திகள் இரும்பில் முட்டிக்கொள்வார்கள் என்றாள். கடைசியில் அண்ணன் நிலத்தை ஒட்டிய கிழக்கு வரப்போரம் ஒன்றுதான் பாக்கி. "அந்த இடம் சும்மாதான கெடக்கு" என்று ஒன்றும் அறியாதவள் போலச் சொன்னாள். குருநாதன் தலையைச் சொறிந்தார். "சரி" என்றார். ஆணி அடிக்கிற இடத்துக்கே அரைநாள் வாதம் பண்ணுகிற மனுசன் அன்றைக்கு ஒரே பேச்சில் சரி என்றதும், சிவபாக்கியத்துக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு தனி மரியாதை வந்தது.

நடுவில் முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, வட்டமாகச் சுற்றி முக்கோணம் பார்த்தார். ஒரு தடவை இப்படி வைத்துப் பார்த்தார், இன்னொரு தடவை அப்படித் திருப்பி வைத்துப் பார்த்தார். தாடையைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். அடுப்படி ஜன்னலில் நின்றவளுக்கு ஒரே படபடப்பு. முருகா, எங்க அண்ணன் நிலத்துலயே விழட்டும், மலையேறி வந்து பஞ்சாமிர்தம் அபிஷேகம் பண்ணுறேன் என்று வேண்டிக்கொண்டாள். பழனிக்காரன் கைவிடவில்லை. இரண்டு முளை இந்தப் பக்கம் நின்றது. மூன்றாவது முளைக்காகக் கயிறு வரப்பைத் தாண்டிச் சேனாதிபதியின் பூண்டுப் பாத்திக்குள் போய் நின்றது.

"என்னங்க, அங்கயே மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மூணாவது கம்பி அவரு நெலத்துல விழுகுது."

"அடக் கடவுளே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் பேர் வாங்கியிருப்பாள்.

"நீ போய் உங்கண்ணன்கிட்ட கேட்டுட்டு வா" என்றார்.

"ஏன், உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? அவரு மண்ணுல குழி தோண்டணும்னா நீங்கதான் கேக்கணும். நான் வேணா கூட வர்றேன். ஆனா அந்த வீட்டுக்கு வெறுங்கையோட வர மாட்டேன், தட்டோடதான் வருவேன்."

"நான் இரும்புக்காகத்தான் வர்றேன், சொல்லிட்டேன்."

"இரும்புக்கே வாங்க. பெத்த மகளுக்கு வராத ஆளு, இரும்புக்காவது வர்றீங்களே."

போனார்கள். அண்ணி அன்னக்கொடி முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றுக் காப்பி கொடுத்தாள். சேனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து தங்கச்சியை மட்டும் பார்த்தார். குருநாதன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு டவர், கம்பி, குழி, கான்கிரீட் எல்லாவற்றையும் விளக்கினார். காலண்டருக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

"குழி தோண்டிக்கட்டும் பாக்கியம்" என்றார் சேனாதிபதி. "ஆனா ஒண்ணு. என் மண்ணுல கெடக்குற கம்பிய நான்தான் புடிப்பேன், நான்தான் முறுக்குவேன். வேற ஒரு பய கை வைக்கக் கூடாது."

குருநாதன் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். சிவபாக்கியம் அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். தட்டை எடுத்தார். நீட்டினார். வாய் மட்டும் திறக்கவில்லை. சேனாதிபதி தட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையின் மூடிய வாயைப் பார்த்தார்.

"தட்டு பேசுமா பாக்கியம்? பேசாதுல்ல? எடுத்துட்டுப் போ."

வெற்றிலை வாடாமல் போனது, வாடாமலே திரும்பி வந்தது. வரும் வழியில் சிவபாக்கியம் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குருநாதன் பத்தடி பின்னாலேயே வந்தார்.

ஆனால் இரண்டாம் நாள் விடிந்ததும் அவள் ஒன்று பார்த்தாள். முளைத்திருந்த பூண்டைச் சேனாதிபதி தன் கையாலேயே பிடுங்கி ஓரம் வைத்துவிட்டு, மூன்றாவது முளைக்கான இடத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு கேட்டிருந்தார்கள். மார்பளவு தோண்டியிருந்தார். குருநாதன் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். குழிக்குள்ளிருந்தும் ஒரு "ம்" வந்தது. கான்கிரீட் இறுக வேண்டிய நாளெல்லாம் இரண்டு பக்கமும் இந்த "ம்" போய் வந்தது. அதைத் தாண்டவில்லை. கார்த்திகையில் இன்னும் இரண்டே நாள்தான் மிச்சம். சிவபாக்கியம் தினமும் தட்டில் வெற்றிலையை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

டவரைத் தூக்குகிற அன்று வெள்ளனே சம்சுல் ஆலம் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி ரபியா கொடுத்துவிட்ட பிரியாணிச் சட்டியும் இறங்கியது. இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று முடுக்கி, டவரை நிலத்தில் படுக்கப் போட்டிருந்தார்கள். அடிக்கால் கீலில் பூட்டியிருந்தது, தலைப்பக்கம் பூண்டுக் கொட்டகை வரை நீண்டு கெடந்தது. உச்சியில் மீன்முள் மாதிரி ஏரியல். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "கொடிமரம் வந்தாச்சு, தேரு எப்ப?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஏற்பாடு இதுதான்: டவரின் மேல்பகுதியில் கட்டிய பெருங்கயிறு சேனாதிபதியின் நிலத்துக்குப் போகும். அங்கே கான்கிரீட்டில் பதித்த இரும்பு வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவரும் அவருடைய வேலையாட்கள் இரண்டு பேரும் இழுப்பார்கள். டவர் நிமிரும். நிமிர்ந்ததும் மூன்றாவது கம்பியின் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிவிட வேண்டும். மற்ற இரண்டு கம்பியையும் இந்தப் பக்கத்தில் முன்னாலேயே கட்டியாயிற்று. அதைப் பாய் பார்த்துக்கொண்டார். குருநாதன் அடிக்காலில் தூக்குக்குண்டோடு நின்றார். கயிறு நழுவினால் டவர் வந்த வழியே திரும்பிக் கொட்டகை மேல் விழும். போகிற போக்கில் குருநாதன் மேலும் விழும்.

"உங்கண்ணன இழுக்கச் சொல்லு" என்றார் குருநாதன்.

"அண்ணே, இழுக்கணுமாம்!" என்று கத்தினாள் வரப்பில் நின்ற சிவபாக்கியம்.

"வெரசா இழுக்கவா, மெதுவாவான்னு கேளு!"

"வெரசாவா மெதுவாவான்னு கேக்குறாரு!"

"மெதுவா!"

"மெதுவாவாம்!"

சம்சுல் ஆலம் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கெடைக்காதவனுக்கு நடுவுல நின்னு எடுத்துக் குடுக்குமே ரிப்பீட்டர், அது நீதான். லைசன்ஸ் இருக்கா?"

"ரெண்டு ஆண்டெனாவும் பழுதா இருந்தா ரிப்பீட்டர் என்ன பண்ணும் பாய்?" என்றாள் அவள்.

டவர் கிறீச்சென்று எழும்பியது. அரைவாசி வந்தது. முக்கால்வாசி வந்தது. கிட்டத்தட்ட நிமிர்ந்துவிட்டது என்கிற நேரம், பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது, அதோடு ஒரு காற்று. முந்தின நாள் மழையில் ஊறிக் கெடந்த பாத்தியில் வேலையாட்கள் இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். கயிறு சேனாதிபதி ஒருவர் கையில். டவர் ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் சாய்ந்தது. சிவபாக்கியம் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ரிப்பீட்டர் நின்றுபோயிற்று.

"மச்சான்! விட்டுராதீங்க மச்சான்!"

குருநாதன்தான். தொண்டை கிழிகிற மாதிரி.

"புடிச்சுட்டேன் மாப்ளே! நீங்க தள்ளி நில்லுங்க, அடியில நிக்காதீங்க!"

"நான் இங்கன நின்னாத்தான் அடிக்கால் நகராது! நீங்க வளையத்துல இன்னொரு சுத்துப் போடுங்க!"

"போட்டாச்சு! நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க!"

ஒன்றரை வருசமாகப் பேசாதவர்கள் ஒன்றரை நிமிஷத்தில் அவ்வளவும் பேசித் தீர்த்தார்கள். விழுந்த ஆட்கள் எழுந்து கயிற்றைப் பிடித்தார்கள். காற்று போயிற்று. டவர் ஆடி, அடங்கி, நிமிர்ந்து நின்றது. இனிப் பயமில்லை. கொக்கியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. சிவபாக்கியம் வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சேனாதிபதி மூன்றாவது கம்பியின் கொக்கியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மாட்டவில்லை. வளையத்துக்குப் பக்கத்தில் ஆற அமரக் குந்தினார்.

"மாட்டுங்க மச்சான்" என்றார் குருநாதன்.

"மாட்டலாம். ஆளுங்கதான் புடிச்சிருக்காங்கல்ல, என்ன அவசரம்? அன்னைக்கு ஒரு தட்டு வந்துச்சு. அதோட வர வேண்டிய வார்த்த வரல. வழியில தொலஞ்சுபோச்சா மாப்ளே?"

"வெளையாடாதீங்க மச்சான், கை மரத்துப்போச்சு."

"எனக்குந்தான் மரத்துப்போச்சு. சொல்லுங்க, மாட்டுறேன்."

குருநாதன் டவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட முடியாது, காலண்டரும் இல்லை. ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. தீவுக்காரனுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

"லாவண்யா கல்யாணத்துக்கு நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும் மச்சான்!"

பூண்டியில் அதைக் கேட்காத வீடு இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். சேனாதிபதி கொக்கியை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இருந்தாலும் விடுவாரா?

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"பேசி முடிச்சா ஓவர்னு சொல்லுவீங்களே. எனக்கும்தான் தினமும் கேக்குது."

"ஓவர்!" என்று கத்தினார் குருநாதன். கொக்கி டக்கென்று வளையத்தில் விழுந்தது.

சேனாதிபதி கம்பியை முறுக்கி முறுக்கி இறுக்கினார். தலையை நிமிர்த்தாமலே, "மரத்தச் சொல்லாம வெட்டுனது என் தப்புதான் மாப்ளே" என்றார். கொஞ்சம் கழித்து, "ஓவர்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் சிவபாக்கியம் வீட்டுக்கு ஓடித் தட்டோடு வந்துவிட்டாள். பாத்தியிலேயே, சேற்றுக் காலோடு, இரண்டு பேரும் சேர்ந்து நீட்டினார்கள். சேனாதிபதி கையை வேட்டியில் துடைத்து, துடைத்தது போதாமல் மறுபடி துடைத்து, வாங்கிக்கொண்டார். "என் மருமகளுக்கு நான் வராம எவன் வருவான்?" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்ற நினைப்பு. எல்லோரும் பார்த்தார்கள்.

மத்தியானம் ரபியாவின் பிரியாணியும் சிவபாக்கியத்தின் ரசமுமாக வாசலில் இலை போட்டாயிற்று. கண் சிவந்து திரும்பி வந்த சேனாதிபதி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையிலிருந்தே கறித்துண்டை எடுத்துத் தின்றார். பரிமாறிக்கொண்டிருந்த சிவபாக்கியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கிழக்கு வரப்போரத்தைப் பிடித்துக் கொடுத்தது யார்? மூன்று ஆம்பிளைகளும் டவரைத் தாங்கள்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு தின்கிறார்கள், தின்னட்டும்.

சம்சுல் ஆலம் அண்ணாந்து டவரைப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்தார். வாயில் சோற்றோடு புருவத்தைச் சுருக்கினார்.

"ஆமா குரு, எனக்கு ஒண்ணு புரியல. முக்கோணத்தோட முனைய எதுக்கு வரப்புக்கு அந்தாண்ட வச்ச? அப்படியே திருப்பி, முனை வீட்டப் பாத்த மாதிரிப் போட்டிருந்தா மூணு கம்பியும் உன் நெலத்துக்குள்ளயே விழுந்திருக்குமே. தாராளமா எடம் இருக்கே!"

சிவபாக்கியத்தின் கரண்டி நடுவானில் நின்றது. அன்றைக்குக் கயிற்றை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரே பேச்சில் "சரி" என்றது ஞாபகம் வந்தது. குருநாதனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து ரசத்தை அவசர அவசரமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"அது... வீட்டுப் பக்கம் அடியில பூரா பாறை பாய்" என்றார் நிமிராமல்.

லாவண்யா பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த மண்ணைக் கொத்துகிறவள் சிவபாக்கியம். கேரட் போட்டிருக்கிறாள், பூண்டு போட்டிருக்கிறாள். மண்வெட்டியில் ஒரு கூழாங்கல் தட்டியதில்லை. சேனாதிபதி மாப்பிள்ளையையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் தெரியும், அது அவர் அப்பா தங்கச்சிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்த மண்.

சிவபாக்கியம் கணவர் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்தாள். நல்ல கறியாகப் பார்த்து வைத்தாள்.

"ஆமா பாய்" என்றாள். "பூரா பாறை."